இன்ஜின் ஆறும் நேரம்

லாத்தா,

நானும் உங்கள் தங்கையும் ரங்கத் போகிற வழியில், உங்கள் வேன் இன்று காலை மறுபடியும் சூடேறிவிட்டது. ஃபெரார்கஞ்சைத் தாண்டி மேடு ஏறும்போதே அந்த வாசனை வந்தது. வெல்லப்பாகு அடிபிடித்தால் வருமே, தித்திப்பும் கருகலும் கலந்து, அந்த வாசனை. இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் எங்கோ கசிந்து சூட்டில் படுகிறது என்று மூக்குக்கு முதலில் தெரிந்தது, அப்புறம்தான் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். நடுவில் நிற்க வேண்டிய முள் சிவப்புக் கோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓரமாக நிறுத்திப் பானட்டைத் தூக்கிவிட்டுத் திரும்பினால், அட, நம்ம இடம்! செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் அதே மதகு, அதே சிமெண்ட் சுவர், எதிரே அதே வங்காளி டீக்கடை.

ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் இருக்கிற இடத்திலிருந்தே என்னைத் திட்டுவீர்கள்.

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், நஸீமா அக்காவைக் கூப்பிடுகிற மாதிரியே நானும் உங்களை லாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தேன். உங்களுக்கு அது பிடிக்கவே இல்லை. "என்னைவிட நீங்கதான் பெரியவங்க மாப்பிள. லாத்தா லாத்தான்னு என்னைக் கிழவியாக்காதீங்க" என்று பஜாரில் எல்லார் முன்னாலும் சண்டைக்கு வந்தீர்கள். நான் விடவில்லை. கடைசிவரை நீங்கள் எனக்கு லாத்தாதான், நான் உங்களுக்கு மாப்பிளதான். நமக்குள் நடந்த பேச்சில் பாதி சண்டை. போர்ட் பிளேரின் ஷாதிபூரில் அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு, சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சண்டை போட்ட சம்பந்தம் நம்முடையது.

போர்ட் பிளேரில் ஸ்கூல் வேன் ஓட்டிய பெண்கள் அப்போது வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. மரைன் ஹில் ஏற்றத்தில் ஆட்டோக்காரர்களே முக்கி முனகுவார்கள். நீங்கள் துப்பட்டாவைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு வண்டி நிறைய பிள்ளைகளோடு, கியர் மாற்றுகிற சத்தம்கூடக் கேட்காமல் ஏறிப் போவீர்கள். தமிழ்ப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை, வங்காளிப் பிள்ளை எல்லாவற்றுக்கும் நீங்கள் 'வேன் ஆன்ட்டி'. உங்கள் வண்டி தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. வேகமாக வந்தும் பார்த்ததில்லை. எனக்கோ எதிலும் அவசரம். டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறவன் நான். இரண்டு பேரையும் ஒரே வண்டியில் போட்டு ஆண்டவன் ஒருநாள் வேடிக்கை பார்த்தான். அந்த நாளைத்தான் இன்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வாப்பா, என் மாமா, இறந்த செய்தி அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு வந்தது. ரங்கத் வீட்டிலிருந்து உங்கள் தம்பி போன் செய்தார். "வாப்பா போயிட்டாங்க லாத்தா. அசருக்கு மேல ஜனாஸாவை வைக்க முடியாது. வாப்பாவே சொல்லி வச்சிருக்காங்க, யாருக்காகவும் என்னைக் காக்க வைக்காதீங்கன்னு. எப்படியாவது வந்துருங்க." வீட்டிலிருந்து ஜனாஸாவை எடுத்துவிட்டால் பெண்களுக்கு முகம் பார்க்க வழியில்லை. பள்ளிவாசலுக்கும் அடக்கஸ்தலத்துக்கும் அவர்கள் போகப் போவதில்லை. பிற்பகல் அசர் தொழுகைக்குள் வீட்டு வாசலை மிதித்தால்தான் இரண்டு மகள்களும் தகப்பன் முகத்தைப் பார்க்க முடியும்.

நம்ம ஊர்ப் பாதை தெரியாதவர்களுக்கு இது புரியாது. வண்டியை எடுத்தோம், மிதித்தோம், போனோம் என்று இங்கே முடியாது. நடுவில் பழங்குடி மக்களின் காடு இருக்கிறது. செக்போஸ்ட்டில் வண்டிகளையெல்லாம் வரிசைகட்டி நிறுத்தி, நேரம் வந்ததும் போலீஸ் வண்டி முன்னால் போக, ஒட்டுமொத்தமாக அனுப்புவார்கள். காட்டுக்குள் நிறுத்தக் கூடாது, முந்தக் கூடாது. ஒரு கான்வாயை விட்டால் அடுத்ததற்காக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காட்டைத் தாண்டினால் கடல் ஓடை, அதற்கு வண்டிகளை ஏற்றி அக்கரை சேர்க்கும் பார்ஜ். அன்றைக்கு நாம் பிடிக்க வேண்டிய கான்வாயை விட்டால், ரங்கத்தில் போய்ப் பார்க்க மண்மேடுதான் இருக்கும்.

பள்ளிக்கூடம் விடுமுறை. வேன் வாசலில்தான் நின்றது. நீங்கள் அழவில்லை. ஆயில், டயர் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஏறினீர்கள். எனக்கு அதற்கே பொறுக்கவில்லை.

ஃபெரார்கஞ்ச் மேட்டில் முள் ஏற ஆரம்பித்தது. நீங்கள் ஏ.சி.யை அணைத்தீர்கள். அப்புறம் செய்தீர்களே ஒரு காரியம், அந்தமான் வெயிலில், புழுங்கிச் சாகிற நேரத்தில், ஹீட்டரை முழுசாகத் திருப்பி விட்டீர்கள்! அனல் காற்று முகத்தில் அடித்தது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன லாத்தா, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன்.

"இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் நாம வாங்கிக்குவோம் மாப்பிள. அதுக்குத் தாங்கல்ல, நமக்குத் தாங்கும்" என்றீர்கள்.

முள் ஒரு இழை இறங்கியது. ஆனால் போதவில்லை. இந்த மதகுப் பக்கம் வந்ததும் ஓரம் கட்டினீர்கள். செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையாக நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. அப்படியே போய் வரிசையில் நின்றுவிடலாம், கேட் திறந்ததும் நுழைந்துவிடலாம் என்றேன் நான். "நடுக்காட்டுல இன்ஜின் பிடிச்சு நின்னா? பின்னால வர்ற வண்டிக்காரனும் யார் முகத்தையோ பார்க்கப் போறவனா இருப்பான்" என்றீர்கள்.

இன்ஜினை உடனே அணைக்கவில்லை நீங்கள். சும்மா ஓடவிட்டு, முன்னால் குனிந்து காதைக் கொடுத்தீர்கள். "ஃபேன் ஓடுது." அப்புறம்தான் அணைத்தீர்கள். மண்டிபோட்டு வண்டிக்கடியில் பார்த்தீர்கள். "சொட்டு இல்ல." பெல்ட்டைப் பார்த்தீர்கள், ரப்பர் பைப்புகளை டார்ச் அடித்துப் பார்த்தீர்கள். ஈரமில்லை, வெடிப்பில்லை. டீக்கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு ஓடி வந்தார், பாவம், நல்ல மனுஷன். "தீதீ, காடி கரம் ஹோ கயா? பானி டாலோ, பானி!" தண்ணீர் ஊற்றச் சொல்லி அவர் நீட்டிய குடத்தை நான் வாங்கிவிட்டேன். மற்றொரு கை ரேடியேட்டர் மூடிக்குப் போய்விட்டது.

என் மணிக்கட்டில் நீங்கள் போட்ட அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாப்பிள்ளை என்ற மரியாதையெல்லாம் பார்க்காமல் சுளீரென்று போட்டீர்கள்.

"கொதிக்கிற குக்கரை இப்படித் திறப்பீங்களா? மூஞ்சி வெந்துபோகும். இந்தச் சூட்டுல பச்சத்தண்ணிய ஊத்தினா இன்ஜின் விரிஞ்சிரும். ருக்கியே பாயி, தண்டா ஹோனே தோ" என்று, ஆறும்வரை பொறுக்கும்படி எனக்கும் கடைக்காரருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, மதகுச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

உட்கார்ந்துகொண்டீர்கள், லாத்தா! தகப்பன் அங்கே கஃபன் துணியில் கிடக்கிறார். தங்கை வண்டிக்குள் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். போகிற வண்டியையெல்லாம் நான் கைகாட்டி மறிக்கிறேன், இரண்டு பெண்களுக்கு இடம் கொடுங்கள் என்று கெஞ்சுகிறேன், எல்லா வண்டியும் நிறைந்து போகிறது. நீங்கள் துப்பட்டாவைத் தலையில் இறுக்கிப் போட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். உதடு மட்டும் லேசாக அசைந்தது. கல் நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். வாய்விட்டும் சொல்லிவிட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை நீங்கள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு யுகம். எழுந்து வந்து மூடியைத் தொட்டுப் பார்த்தீர்கள். கனத்த துணியை மடித்துப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறந்தீர்கள். உஸ்ஸென்று ஒரு சின்ன மூச்சு, அவ்வளவுதான். உள்ளே பச்சை நிறத்தில் கூலண்ட் ததும்பிக்கொண்டிருந்தது.

"தண்ணி எங்கேயும் போகல்ல" என்றீர்கள். மூடியை மாட்டி என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னீர்கள். சூடு ஏற ஏற மேல் பைப்பைத் தொட்டுப் பார்த்தீர்கள், கீழ் பைப்பைத் தொட்டுப் பார்த்தீர்கள். "ரெண்டும் சூடு. அப்ப தண்ணி சுத்தி வருது. சூட்டோட போயி அதே சூட்டோட திரும்பி வருது. தண்ணி மேல குத்தமில்ல மாப்பிள, காத்து மேலதான்."

எனக்கு விளங்கவில்லை. நீங்கள் டீக்கடையில் வடை மடிக்க வைத்திருந்த ஒரு நியூஸ்பேப்பர் தாளை வாங்கி வந்தீர்கள். ஃபேன் ஓடத் தொடங்கியதும் அந்தத் தாளை முன்பக்கக் கம்பிச் சட்டத்தில் வைத்துக் கையை எடுத்தீர்கள். "காத்தை இழுக்குதுன்னா ஒட்டிக்கணும்." தாள் ஒட்டவில்லை. வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தீர்கள், மறுபடி விழுந்தது. கன்னத்தில் ஒரு துளி வியர்வை இறங்க, உங்கள் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு வெளிச்சத்தைப் பார்த்தேன்.

டார்ச்சை அடித்துக் கம்பிக்குள் எட்டிப் பார்த்தீர்கள். மழைச்சேறு அப்பிக் கிடந்த சட்டத்துக்கு உள்ளே, ரேடியேட்டர் முகத்தை மூடிக்கொண்டு பழுப்பாக ஏதோ ஒன்று. உங்கள் கை நுழையவில்லை, என் கை அதைவிடத் தடி. "நஸீமா, இறங்கி வா. அழுகைய அப்புறம் வச்சுக்கலாம், உன் கைதான் ஒல்லி" என்றீர்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, கையைக் கீழ்வழியாக விட்டு, நெளித்து இழுத்தாள்.

ஒரு பாக்கு மட்டை வந்தது. நன்றாகக் காய்ந்த அகலமான மட்டை. இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்டு, நீல நிற நைலான் நூல் கோத்திருந்தது. ஒரு பக்கத்து முடிச்சு அவிழ்ந்திருந்தது, இன்னொரு பக்கம் இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. அந்த முடிச்சைப் பார்த்ததும் நஸீமா "வாப்பா!" என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், டீக்கடைக்காரர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கும் அது யார் கட்டியது என்று தெரிந்துவிட்டது. ரங்கத்தில் உங்கள் வாப்பா வீட்டைச் சுற்றிப் பாக்குமரம். பார்ஜில் ஏறும்போது தண்ணீர் மேலேறி நிற்கிற நாளென்றால் சாய்தளத்தில் உப்புத் தண்ணீர் வண்டியின் முகத்தில் அடிக்கும். அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் பம்பருக்கு அடியில் ஒரு பாக்கு மட்டையைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள், அக்கரையில் இறங்கியதும் அவிழ்த்துவிடுவார்கள். கடைசியாக நீங்கள் அவரைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய அன்று, முட்டி வலியோடு குனிந்து மாமாதான் அதைக் கட்டிவிட்டிருக்கிறார். மகள் வண்டி துருப்பிடிக்கக் கூடாது என்று.

"வாப்பா கட்டினாங்க. கான்வாய்க்கு நேரமாச்சுன்னு நான் கழட்டாம வந்துட்டேன்" என்றீர்கள். அப்போது கீழே இருந்த மட்டை, ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் மேலேறியிருக்கிறது. ஃபேன் இழுத்த இழுப்பில் ரேடியேட்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊருக்குள் ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் ஓடுகிற ஓட்டத்தில் அது தெரியவில்லை. நீண்ட மேட்டில் தெரிந்துவிட்டது.

பேப்பரை மறுபடி வைத்தீர்கள். டப்பென்று ஒட்டிக்கொண்டது.

வரிசையின் கடைசி வண்டியாக நாம் போய்ச் சேரும்போது கேட் திறந்துகொண்டிருந்தது. காட்டு வழி முழுக்க நான் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். "முள்ளு என் வேலை மாப்பிள. நீங்க நஸீமாவைப் பாருங்க" என்றீர்கள். முள் நடுவிலேயே நின்றது, அசையவில்லை.

பார்ஜுக்கு வந்தால், தண்ணீர் ஏறி நின்றது. நீங்கள் இறங்கிப் போய் அந்தப் பாக்கு மட்டையை எடுத்து, பம்பருக்கு அடியில் வைத்துக் கட்ட ஆரம்பித்தீர்கள். எனக்கு வந்ததே கோபம்! "இந்த எழவுனாலதானே இவ்வளவு பாடு! தூக்கிக் கடல்ல போடுங்க லாத்தா" என்றேன். நீங்கள் முடிச்சைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டு, "மட்டை என்ன பண்ணுச்சு? கட்டுறது பாதி வேலை மாப்பிள, கழட்டுறது மீதி வேலை. வாப்பா அவங்க பாதியைச் செஞ்சாங்க, என் பாதியத்தான் நான் விட்டுட்டேன்" என்றீர்கள். அக்கரையில் சக்கரம் தரையைத் தொட்டதும் ஓரம் கட்டி, எல்லாருக்கும் முன்னால் அதை அவிழ்த்து, தண்ணீரை உதறி, சீட்டுக்கடியில் வைத்தீர்கள்.

அதற்கு முன், பார்ஜில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மனம் கேட்காமல் கேட்டேன். எப்படி அந்தச் சுவரில் அப்படி உட்கார முடிந்தது என்று. நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"யாசீன் ஓதினேன். எப்பவும் அப்படித்தான். வண்டி சூடாகி நின்னா, நிதானமா ஒரு யாசீன் ஓதி முடிச்சா மூடியத் தொடலாம், சரியா இருக்கும். கடிகாரம் பார்த்தா மனசு பறக்கும் மாப்பிள. இன்னைக்கு ஓத ஆரம்பிச்ச பொறவுதான் நினைச்சேன், இது வண்டிக்கு இல்ல, வாப்பாவுக்குன்னு. அவசரமா ஓதக்கூடாதுல்ல."

தகப்பனுக்காகக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்த உங்களையா கல் நெஞ்சுக்காரி என்று சொன்னேன்!

நாம் போய் இறங்கியபோது பள்ளிவாசலில் அசருக்கு பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. குளிப்பாட்டிக் கஃபனிட்டு எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் தம்பி முகத்துத் துணியை மட்டும் மூடாமல் வைத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நஸீமா விழுந்து அழுதாள். நீங்கள் குனிந்து, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "வந்துட்டேன் வாப்பா. மட்டையக் கழட்டிட்டேன்" என்றீர்கள்.

மறுநாள் காலை, கிணற்றடியில் வண்டியைக் கழுவினீர்கள். ரேடியேட்டரில் படிந்த உப்பு போக, பைப்பைப் பிடித்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். பக்கத்தில் வரவில்லை நான். ரொம்ப நேரம் கழுவினீர்கள்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் ஆகிவிட்டது. உங்கள் ஜனாஸா அன்று வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்து ஓதினார்கள். நான் உட்காரவில்லை. நாற்காலி வரவில்லை, தண்ணீர் லாரி வரவில்லை, உங்கள் தம்பி வருகிற வண்டி எங்கே இருக்கிறது என்று ஓடிக்கொண்டே இருந்தேன். அப்புறமும் கடை, வீடு என்று ஓட்டம்தான். ஓடுகிறவனுக்கு அழுகை வராது, அது ஒரு வசதி. உங்களை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை என்று உயிரோடு இருந்தபோது சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் "என்ன மாப்பிள, கைமாத்து ஏதும் வேணுமா?" என்று கிண்டல் செய்திருப்பீர்கள்.

இன்று காலை ஃபேன் ஓடியது. பேப்பர் ஒட்டியது. வண்டிக்கடியில் மண்டியிட்டுப் பார்த்தேன், பச்சையாக ஒரு சொட்டு. மேல் பைப்பில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். திருப்புளியால் ஒரு திருகு, அப்புறம் சீட்டுக்கடியில் நீங்கள் வைத்திருந்த கேனிலிருந்து குறைந்ததை ஊற்ற வேண்டும். அந்தக் கேனைத் தேடும்போது பாக்கு மட்டையும் கையில் பட்டது. நூலை மட்டும் நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் இன்ஜின் ஆற வேண்டுமே. மதகுச் சுவரில் போய் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு யாசீனை ஆரம்பித்தேன். நான் ஓதுகிற லட்சணம் உங்களுக்குத் தெரியும். திக்கித் திக்கி, விட்ட இடத்தைத் தேடித் தேடி, போனில் வேறு பார்த்துப் பார்த்து ஓதுகிறவன். பாதியில் கண்ணீர் எழுத்தை மறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கான்வாய் ஒன்று போனது. நான் எழுந்திருக்கவில்லை.

நஸீமா டீ கிளாஸோடு வந்தாள். என் உதடு அசைவதைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. ஓதி முடித்து, உங்களுக்காக துஆ செய்துவிட்டுப் போய் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.

"லாத்தாவா இருந்தா இந்நேரம் பார்ஜ் தாண்டியிருப்பா" என்றாள் உங்கள் தங்கை, டீயை என் கையில் கொடுத்துக்கொண்டே. அந்த டீயும் ஆறியிருந்தது. முதல் தடவையாக நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் குடித்தேன், லாத்தா.